தொண்ணூற்றொன்பது அடி

திண்டிவனம்
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் அமலாவுக்கு அம்மா சவுரியம்மாள் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி அறிவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்கு ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அதை எழுதவில்லை. அப்பாவுக்குக் கால் விரல் எடுத்த இடம் இன்னும் ஆறவில்லை, கட்டு மாற்ற ஆட்டோ வைத்துப் போய் வருகிறோம், டீயில் சர்க்கரை இல்லை என்று தினமும் என்னோடு ஒரு சண்டை, அந்தச் சண்டை போடத் தெம்பு இருக்கிறதே என்று நான் சந்தோஷப்படுகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. உனக்கு அங்கே நியூசிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு டூட்டிக்குப் போ. உன் பிள்ளை சங்கவியை நேற்று விழுப்புரத்தில் உன் மாமியார் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காய்ச்சல் சளி ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே. நீ போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் விலகிவிட்டாய், வேறு வழி இல்லாமல்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதமாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுவும் கடைசியில்தான்.

முதலில் உன் தொண்ணூற்றொன்பது. அன்றைக்கு விடியலில் கூப்பிட்டு, அம்மா தொண்ணூத்தொம்போதும்மா, மொதத் தடவையா நூறுக்குள்ள வந்துட்டேம்மா என்று அழுதுகொண்டே சிரித்தாய். எனக்கு என்ன தெரியும், சத்துணவுக் கூடத்தில் ஆயுசுக்கும் சோறு வடித்தவள். ஐயோ ஒரே ஒரு மார்க்கில் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே கோயிலில் பெரிய மெழுகுவர்த்தியாக ஏற்றி, அடுத்த தடவை என் பெண்ணுக்கு முழு நூறாகக் கொடு தாயே என்று முழங்காலில் நின்று கேட்டுவிட்டு வந்தேன். அறிவிடம் சொன்னதும் அவன் தலையில் அடித்துக்கொண்டான், யம்மா, இந்த கோல்ஃப் ஆட்டத்துல அடி கொறைஞ்சாதான் கெட்டிக்காரி, நூறு வந்துச்சுன்னா அக்கா கீழ எறங்கிட்டான்னு அர்த்தம், ஜல்தியா போயி அந்த மெழுகுவத்திய அணைச்சுட்டு வா என்றான். அப்பா புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். மாப்பிள்ளை தவறிப்போன பிறகு இந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான், அதற்கப்புறமும் இல்லை.

அடுத்த நாள் நீயே பொறுமையாக விளக்கினாய். பதினெட்டுக் குழி, ஒவ்வொரு குழியிலும் பந்து விழுகிற வரைக்கும் அடித்ததை எல்லாம் கூட்ட வேண்டும், மட்டை பந்தில் படாமல் காற்றில் போனால் அதையும் ஒரு அடி என்று நாமே எழுதிக்கொள்ள வேண்டும், யாரும் பார்க்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது என்றாய். அப்புறம் குரலை இறக்கி அந்த இன்னொன்றையும் சொன்னாய். மாப்பிள்ளை விழுந்தது பதினோராவது குழியில் என்றும், அவர் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நீ ஆடப் போன நாளிலிருந்து பத்தாவதை முடித்ததும் மரத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நேரே பன்னிரண்டுக்குப் போய்விடுவாய் என்றும், ஒரு குழியை விட்டுவிட்டால் மொத்தக் கணக்கே கிடையாது, அதனால் இத்தனை மாதமும் உன் கணக்கு அட்டையில் கூட்டுத்தொகை என்று ஒன்று இருந்ததே இல்லை என்றும் சொன்னாய். அவர் விழுந்தபோது பக்கத்தில் இருந்த அந்த ஹெலன் கிழவி கூடவே வர, அன்றைக்குத்தான் முதல் முறை அந்த இடத்தில் நின்று அடித்தாயாம், இரண்டு அடி காற்றில் போயிற்றாம், அந்த ஒரு குழிக்கு மட்டும் ஒன்பது அடியாம், அதையும் சேர்த்துத்தான் தொண்ணூற்றொன்பதாம். யாருகிட்டயும் சொல்லாதம்மா என்றாய். சரி என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை அமலா, ஏன் என்று கேள்.

ஹெலன் கிழவி எடுத்த போட்டோ, நீ அட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வெள்ளைக்காரத் தாத்தாக்களுக்கு நடுவில் பேன்ட் சட்டையோடு சிரிக்கிறாயே, அது யார் யார் போனிலோ சுற்றி விழுப்புரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உன் மாமியார் பவுனு அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு, நெற்றியில் சாம்பல்கூட அழியாமல், இங்கே வந்து நம் வாசலில் நின்றாள். உள்ளே வா என்று கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. எம் புள்ள மாரப் புடிச்சுக்கினு வுழுந்த எடத்துல, வருசம்கூட திரும்பல, பேன்ட்ட மாட்டிக்கினு ஆம்பளைங்களோட நின்னுக்கினு பல்லக் காட்டிக்கினு கீறா ஒம் பொண்ணு, இவ கையில எம் பேத்திய குடுப்பேனா என்று மண்ணை வாரித் தூற்றினாள். அப்பா கட்டுப் போட்ட காலோடு எழுந்து வரப் பார்த்தார், நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியாததா. அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் எழும்பவில்லை. அங்கிருந்து வந்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட, பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மண்ணுக்குள் அனுப்பியவள் அவள்.

நடந்ததை அறிவு சொன்னதும், அன்று ராத்திரி நீ போனில் பேசி அனுப்பிய குரல் வந்தது. மட்டையை எல்லாம் விற்றுவிடுகிறேன், இனிமேல் அந்தப் பக்கமே போகமாட்டேன், அத்தையிடம் சொல்லி சங்கவியை அனுப்பச் சொல்லு என்று. அதற்கப்புறம் நீ போனையே எடுக்கவில்லை. அமலா, நான் அதை அவர்களிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இன்றைக்கு மட்டையை விட்டால் நாளைக்கு நைட் டூட்டியை விடச் சொல்வார்கள், அப்புறம் வேலையை, அப்புறம் அந்த நாட்டை. கடைசியில் நீ வெறுங்கையோடு விழுப்புரத்தில் பவுனுவின் அடுப்படியில் நிற்பாய், அப்போதும் பிள்ளை அவள் இடுப்பில்தான் இருக்கும். அவளுக்கு வேண்டியது நீ மட்டையை விடுவது இல்லை. அவளுக்கு மகன் வேண்டும், அதை யாராலும் தர முடியாது, அதனால் மகன் பெற்றதைப் பிடித்து வைத்திருக்கிறாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது, நைட் டூட்டி மாறுகிற வரைக்கும், நாலு மாதத்துக்கு, என்று சொல்லித்தான் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாய். டூட்டி எப்போதோ மாறிவிட்டது, பிள்ளை வரவில்லை, நீயும் அழுத்திக் கேட்கவில்லை. கேட்கிற வேலையை நான் செய்யலாம் என்றுதான் நேற்று பஸ் ஏறினேன்.

உன் மாமனார் ஜெகதீசன் வாங்கம்மா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கண்டக்டராக இருந்த மனுஷன், எப்போதும் நாலு பேருக்கு நடுவில் சத்தமாகப் பேசுவார், இப்போது ஒரு வார்த்தை பேச இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறார். பவுனு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சங்கவியை எப்போது அனுப்புவீர்கள் என்று நேரடியாகவே கேட்டேன். அனுப்புறதுக்கு இல்லம்மா, ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்ததும் இங்கியே ஒண்ணாவது சேக்கப்போறோம், கலெக்டரும் மொதலாளியும் ஆடுற ஆட்டத்த ஆடிக்கினு இருக்கறவளுக்குப் புள்ளய பாக்க ஏது நேரம் என்றார் அவர். அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே அது பணக்காரர் ஆட்டம் இல்லை, பால் கறக்கிறவனும் லாரி ஓட்டுகிறவனும் ஆடுவது, உங்கள் பிள்ளையும் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து போய்தான் ஆடினார் என்றேன். அதோடு நிற்காமல் பதினோராவது குழியையும் சொன்னேன். எட்டு மாதம் அந்த இடத்தை மிதிக்க முடியாமல் நீ மரத்துக்குப் பின்னால் சுற்றிப் போனதை, அன்றைக்கு அங்கே நின்று அடித்ததை, படாமல் போன அடியையும் மறைக்காமல் எழுதினதை, எல்லாவற்றையும். உங்க பிள்ளை விழுந்த எடத்த தாண்டி வந்துட்டோம்னுதான் சிரிச்சா, ஜெயிச்சுட்டோம்னு இல்ல என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

உன் மாமனார் அந்தப் போட்டோவை மறுபடியும் காட்டச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உன்னைப் பார்க்கவில்லை, உனக்குப் பின்னால் இருந்த புல்லைப் பார்த்தார். இதுல எந்த எடம்மா அது என்று கேட்டார். இதில் இல்லை, அது உள்ளே தள்ளி என்றேன். எத்தனை அடி அந்தக் குழிக்கு என்று கேட்டார். ஒன்பது என்றேன். ஒம்போதா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். பவுனு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நீ என்னா கத சொன்னாலும் எம் புள்ள வரமாட்டான், எம் பேத்தியும் போவமாட்டா என்றாள். சங்கவியின் பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது, சாவி அவள் முந்தானையில் முடிந்திருக்கிறது. நான் தோற்றுத்தான் வந்தேன் அமலா, ஜெயித்த மாதிரி உனக்கு எழுத மாட்டேன்.

இனிமேல் எழுதப் போவதை எழுத வேண்டாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். ஆனால் காற்றில் போன அடியையும் எழுத வேண்டும் என்று நீதானே சொன்னாய். சங்கவி வாசலில் சோற்றுக் கரண்டியை வைத்துக்கொண்டு ஒரு புங்கங்காயை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி படவில்லை, படாததையும் மூணு என்று எண்ணினாள். யார் கண்ணு சொல்லிக் கொடுத்தது என்றேன், அப்பா என்றாள். அது வரைக்கும் சந்தோஷம்தான். அப்புறம் உள்ளே பார்த்து, அம்மா தண்ணி வேணும் என்று கூப்பிட்டாள். பவுனு சொம்போடு வந்தாள். பிள்ளை அவளை இப்போது அம்மா என்றுதான் கூப்பிடுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்து அதுவாகக் கூப்பிடுகிறது என்று பவுனுவே சொன்னாள், சொல்லும்போது அவளாலும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டேன். போன் அம்மாவா, போன் அம்மா இப்ப வர்றதில்ல ஆயா என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை கண்ணு, பால்காரர் இப்போது வருவதில்லை என்பதைப் போலச் சொன்னாள்.

அதனால் இப்போது சொல்வதைக் கேள். போனை எடு, தினமும் எடு, யார் திட்டினாலும் எடு, சங்கவியிடம் கொடுக்கச் சொல்லிப் பேசு. லீவு போட்டுவிட்டு ஜூன் பிறப்பதற்குள் நேரில் வா. கோர்ட்டுக்குப் போகலாம் என்று அறிவு சொல்கிறான், தேவைப்பட்டால் போகலாம், முதலில் நீ வந்து நில். பஸ் ஏற்றிவிட வந்தபோது உன் மாமனார் என் காதருகில், பவுனுகிட்ட நான் பேச முடியாதும்மா, ஆனா மருமவ நேர்ல வந்து கேட்டா நான் குறுக்க நிக்கமாட்டேன், போன்ல கேட்டா குடுக்கமாட்டேன் என்றார். அவ்வளவுதான் கிடைத்தது, அதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வரும்போது அந்தப் பதினோராவது குழி இடத்தைப் போட்டோ எடுத்துப் பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொண்டு வா, அதில் யாரும் நிற்க வேண்டாம், புல்லும் மரமும் மட்டும் இருக்கட்டும். அவர் கேட்கவில்லை, கேட்க வாய் வராமல் கொல்லைக்குப் போனார், எனக்குத் தெரியும். பவுனு அதைக் கிழித்தாலும் கிழிப்பாள், அல்லது கட்டிக்கொண்டு அழுவாள், எதுவாக இருந்தாலும் நீ எதிரில் நிற்க வேண்டும். அவளை எதிர்த்துப் பேசாதே, அவள் காலில் விழவும் விழாதே. மட்டையை விற்காதே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, அந்த இடத்தில் அதுவும் ஒரு அடி அடிக்கட்டும்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், உன் அப்பா தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபமாலையை முடிக்கிறார். நீயும் உன் மகளும் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருக்க எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றை மறந்துவிடாதே. இந்தத் தாளின் பின்பக்கம் சங்கவியின் கால். பவுனு அடுப்படிக்குப் போயிருந்தபோது பிள்ளையை நிற்க வைத்துப் பென்சிலால் வரைந்து கொண்டு வந்தேன், கூசுகிறது என்று சிரித்தாள், பெருவிரல் பக்கம் கோணலாக இருப்பது அதனால்தான். அங்கே குளிருக்கு ஷூ வாங்க வேண்டும் இல்லையா. இந்த அளவுக்கே வாங்கிவிடாதே, ஒரு அளவு பெரிதாக வாங்கு. நீ வந்து சேர்வதற்குள் இதுவும் சின்னதாகிவிடும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து வாசலைத் திறந்து வைத்திருக்கும்
அம்மா சவுரியம்மாள்