நேராக வெட்டிய சுரங்கம்

ஞாயிறு, இரவு.

அம்மா காரீயச் சுரங்கத்துக்குள் இறங்குவார் என்று நம்பித்தான் கிளிநொச்சியிலிருந்து இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன். யுத்தம் முடிந்த பிறகு அடைத்த இடம் எதற்குள்ளும் அவர் போனதில்லை. தூங்கும்போதும் கதவு திறந்திருக்க வேண்டும்.

இன்று தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, "நீ முன்னுக்குப் போ பிள்ளை, வாறன்" என்றார். வந்தார். கொஞ்சத் தூரத்தில் நின்று, கூரையைத் தாங்கிய மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது பனங்குத்தி இல்லை. நேரா வேற வெட்டி வச்சிருக்கினம். பங்கர் எண்டா வளைச்செல்லோ வெட்ட வேணும்?"

வழிகாட்டி என்னவென்று சிங்களத்தில் கேட்டார். ஏன் வளைத்து வெட்டவில்லை என்று கேட்கிறார் என்றேன். நேராக வெட்டிய பதுங்குகுழிக்குள் எறிகணைத் துண்டுகள் நேராக வரும் என்பதைச் சொல்லவில்லை. காரீயம் ஏற்றிய வண்டிகள் தண்டவாளத்தில் ஓட வேண்டுமே என்றார் அவர். அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"அப்ப சரி. இது ஒளிக்கிறதுக்கு வெட்டினதில்லை."

அதன்பிறகு அம்மாதான் முன்னால் நடந்தார். நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போனேன்.

விடுதி அறைக் கதவை இன்று அவரே சாத்தினார். இப்போது குறட்டை விடுகிறார். நான்தான் எழுந்து போய்க் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன்.