கடைசி மாலைக்கு ஓர் இடம்

ஜூன் 3, செவ்வாய்

இதைக் கையில் எடுத்திருப்பது யாராக இருந்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதே. முக்கியமாக என் அம்மாவிடம். போன வருடம் என் பழைய நாட்குறிப்பைக் கண்டெடுத்து அதில் ஒரு பக்கத்தை ஃபோனில் சித்திக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "பாவம், எவ்வளவு சீரியஸா எழுதியிருக்கா பாரு" என்கிற சிரிப்பு. அது இன்னும் மோசம். அந்த நோட்டைக் கிழித்து ஆற்றில் போட்டுவிட்டேன். இது புதுசு. குளிர்கால பூட்ஸுக்குள் இருக்கும்.

நான் ஃபென்யா. பதின்மூன்று வயது. வடக்கே லேயர் என்கிற ஊரில் அம்மாவோடு இருக்கிறேன். ஜனவரியிலிருந்து ஹோல்கரும் இருக்கிறார். அம்மாவின் நண்பர் என்று சொல்ல வேண்டும். நான் ஹோல்கர் என்றே சொல்கிறேன்.

இன்றைக்கு நல்ல செய்தி. தேநீர் நேரத்தில் அம்மா சொன்னாள்: "ஜூலைல ஆத்துக் கப்பல்! தெக்கே பாஸாவ்லேர்ந்து டான்யூப் வழியா கருங்கடல் வரைக்கும்."

"ரயிலை நம்பி அன்னிக்கே போய் இறங்கினா கப்பலோட வாலைத்தான் பாக்கலாம்," என்றார் ஹோல்கர். "மூணு நாள் முன்னாடியே போயிடணும்."

"அந்த மூணு நாள் பாஸாவ்ல நாம மூணு பேரும் ஜாலியா சுத்தலாம். திட்டம் போடறது உன் பொறுப்புடி ஃபென்யா."

என் பொறுப்பு! அம்மா இதுவரை பால் வாங்கி வரும் பொறுப்பைக்கூட என்னிடம் முழுசாகக் கொடுத்ததில்லை.

எழுதும்போது மட்டும் கதவை மூடுகிறேன். மற்றபடி திறந்து வைத்துத்தான் தூங்குவேன். மூடினால் மூச்சு முட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

நூலகத்திலிருந்து பாஸாவ் வரைபடம் எடுத்து வந்து சமையலறை மேசையில் விரித்தேன். ஊர் ஒரு நாக்கு மாதிரி நீண்டிருக்கிறது. ஒரு பக்கம் டான்யூப், இன்னொரு பக்கம் இன் நதி. நுனியில் மூன்றாவதாக ஒரு சின்ன நதியும் வந்து சேர்கிறது. முதல் நாள் பேராலயத்தில் மதிய ஆர்கன் இசை. இரண்டாம் நாள் மலைமேல் கோட்டை.

"கோட்டைக்கு ஏறணுமா?" என்று அம்மா முனகினாள். பிறகு அவளே, "சரி, ஏறலாம். நாங்க கப்பல் ஏறிட்டா அப்புறம் நடக்கவா போறோம்? நாம நகரத்துலயே நல்லா நடந்துடலாம்," என்றாள்.

கப்பலில் எனக்கு எந்த அறை என்று கேட்டேன்.

"எதிர் அறை. உனக்கே உனக்குன்னு தனியா."

டோம்கேவிடம் சொன்னேன். என் வகுப்புத் தோழி, பொறாமையில் வெந்துவிட்டாள். "ராத்திரி அன்னம் வந்து உன் ஜன்னலைக் கொத்தட்டும்டி" என்று சாபம் விட்டாள்.

பிறகு உள்ளே வந்த ஹோல்கர் வரைபடத்தை எட்டிப் பார்த்து, "கப்பல் ஏறாத கேப்டன் உலகத்துலயே நீ ஒருத்திதான்," என்றார். நான் கரைக்கு மட்டும் திட்டம் போடுகிறேனே, அதைக் கேலி செய்கிறார். அவர் கேலி எப்போதும் இப்படித்தான், சிரிக்க இடமே இருக்காது. அம்மா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 14, சனி

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "கடைசி நாள் சாயங்காலத்துக்கு மட்டும் அமைதியா ஒரு இடம் பாரேன். கூட்டம் இல்லாம, உக்காந்து பேசற மாதிரி."

இடம் ஏற்கெனவே என் மனசில் இருந்தது. நாக்கின் நுனி. மூன்று நதிகளும் சேரும் இடத்தில் மரத்தடியில் பெஞ்சுகள் இருக்கின்றன. அங்கிருந்து கப்பல் துறையும் தெரியுமாம்.

அம்மா என் தலையைத் தடவினாள். கொஞ்சம் அதிக நேரம். "எவ்வளவு நல்ல இடம் புடிச்சிருக்க," என்றாள்.

ஜூன் 19

ஹோல்கர் அவித்த முட்டையையும் ஊதி ஊதித் தின்கிறார். ஆறிப்போன முட்டையை! வேறொன்றும் எழுத இல்லை.

ஜூன் 23, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது, போகட்டும்.

பள்ளியிலிருந்து வந்ததும் பாஸாவ் விடுதிக்கு ஃபோன் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை அறையைக் காலி செய்தபின் பெட்டிகளை அங்கே வைக்கலாமா, அதைக் கேட்கத்தான். கப்பல் மதியம்தானே. அம்மாவிடம், "அதையும் விசாரிச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் தெற்கத்தி இழுவையில் பேசினாள். "தாராளமா வைக்கலாம் கண்ணு. கப்பலுக்குப் போற ரெண்டு பேரோட பெட்டியும் இங்க இருக்கட்டும். பொண்ணோட பெட்டிதான் முன்னாடியே போயிடுமே."

எந்தப் பொண்ணு என்று கேட்டேன்.

"அவங்க மக. காலைல பத்து மணிக்கு அப்பா கார்ல வந்து கூட்டிட்டுப் போறாருன்னு அந்த அம்மா சொல்லியிருக்காங்க. கார் நிறுத்த இடம் கேட்டிருந்தாங்க. நீ யாரு கண்ணு பேசறது?"

வைத்துவிட்டேன்.

அப்பாவா? என் அப்பாவா?

இல்லை, அவள் வேறு குடும்பத்தைச் சொல்லியிருப்பாள். விடுதியில் எத்தனை பேர் தங்குகிறார்கள்!

ஆனால் பெயரில் என்ன குழப்பம் வரும்? அம்மா பெயரைச் சொல்லித்தானே ஆரம்பித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

கேட்டேன். நேராக இல்லை. தேநீர் ஊற்றும்போது, சும்மா கேட்பது மாதிரி. "அம்மா, கப்பல்ல என் அறைக்கு ஜன்னல் உண்டா?"

அவள் கை நிற்கவே இல்லை. கற்கண்டைக் கோப்பையில் போட்டாள், தேநீரை ஊற்றினாள், கற்கண்டு பிளக்கும் சத்தம் கேட்டது. "உண்டு உண்டு. வட்டமா ஒரு ஜன்னல்."

வட்டமா! யாராவது வடிவம் வரைக்கும் பொய் சொல்வார்களா?

எங்கள் ஊரில் மூன்று கோப்பை குடிக்காமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நான் முதல் கோப்பையிலேயே கரண்டியைப் போட்டேன். போதும் என்று அர்த்தம்.

"என்னடி இது, விருந்தாளிகூட இப்படிப் பண்ண மாட்டாங்க."

"வயிறு வலிக்குது."

அப்போதுதான் மேசைக்கு வந்த ஹோல்கர் என் கரண்டியையே பார்த்தார். உனக்கும் தெரியுமேடா. உன் யோசனையாகத்தான் இருக்கும். உனக்கு நான் இடைஞ்சல்.

(அவரை டா போட்டு எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்த மாட்டேன்.)

ஜூன் 26, வியாழன்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். அம்மா பேசியதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே கண் தெரியவில்லை. நகரத்துக்கு "நாம". கப்பலுக்கு "நாங்க". ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள். நாங்க கப்பல் ஏறிட்டா. நாம நகரத்துல நடந்துடலாம். மறைக்கக்கூட இல்லை. நான்தான் கேட்கவில்லை.

அமைதியாக உட்கார்ந்து பேசுகிற இடம் எதற்கு என்றும் இப்போது தெரிகிறது. அங்கே வைத்துத்தான் சொல்லப்போகிறாள். என்னை எங்கே உட்கார வைத்துச் சொல்வது என்று என்னையே தேடச் சொல்லியிருக்கிறாள். நானும் வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு ஆறு வயதில் ஒருநாள் என்னைக் காரில் உட்கார வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று போனார். குளிர்காலம். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி முழுக்க என் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போனது. இருட்டிய பிறகு வந்தார். "இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றார். அவ்வளவுதான், அடிக்கவில்லை. அன்றைக்கு என்னை மடியில் வைத்துக்கொண்டு, இனி அந்த ஆள் காரில் உன்னை ஏற்றவே மாட்டேன் என்று சொன்னது அம்மாதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு?

அதற்குப் பிறகு அவர் தெற்கே போய்விட்டார். பிறந்தநாள் அட்டை வரும், சில வருடம். என் பெயரில் எழுத்துப் பிழையோடு.

யாரிடம் சொல்வது? சொன்னால் உடனே, இன்றைக்கே, அனுப்பிவிட்டால்?

ஜூலை 2, புதன்

விடுமுறைக்கு முந்தின நாள். எல்லோரும் போனபிறகு வகுப்பாசிரியை என்னைக் கட்டிக்கொண்டு, "புதுப் பள்ளிக்கூடம் உனக்குப் புடிக்கும் பாரு" என்றார். நன்றி சொன்னேன். டோம்கே வெளியே ஐஸ்கிரீமோடு காத்திருந்தாள். கப்பலிலிருந்து படம் அனுப்பு என்றாள்.

சரி என்றேன்.

ஆக, எனக்குச் சொல்லாமல் ஊருக்கே சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய். பாஸாவ்

நாள் முழுக்க ரயில். என் பெட்டி மட்டும் கனம். அம்மாதான் அடுக்கினாள், குளிர்கால கோட்டு வரைக்கும். "கப்பல்ல ராத்திரி குளிரும்," என்றாள். ஜூலையில்.

பூட்ஸையும் எடுத்து வைத்திருக்கிறாள். நல்லவேளை நான் முந்தினேன். நோட்டு இப்போது என் சட்டைக்குள்.

மூவருக்கும் ஒரே அறை. அதனால் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூலை 9

ஆர்கன் கேட்டோம். கோட்டையும் இன்றைக்கே ஏறிவிட்டோம். நகரமன்றச் சுவரில் வெள்ளம் வந்த உயரங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஹோல்கர் அண்ணாந்து பார்த்து, "மேல கோடு போட்ட வருஷம்னா நாம செத்திருப்போம் கேப்டன். கீழ கோடு போட்ட வருஷம் முட்டி வரைக்கும்தான்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அம்மா இரண்டு நாளாக எனக்கு எதுவும் மறுப்பதில்லை. கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறாள். பேசாமல் திட்டலாம் அவள்.

நாளைக்கு அந்தப் பெஞ்சு.

ஜூலை 10, வியாழன்

குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. நானே போட்டேன். மூச்சு முட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் நுனிக்குப் போனோம். தண்ணீர் மூன்று நிறம். நான் நடுவில் உட்கார்ந்தேன். எதிரே துறையில் ஒரு வெள்ளைக் கப்பல் வந்து கட்டிக்கொண்டிருந்தது. அதுதான் போலிருக்கிறது. ஜன்னல்கள் எல்லாம் சதுரம்.

அம்மா தொண்டையைச் செருமினாள். "காத்து எவ்வளவு நல்லாருக்கு இல்ல?" என்றாள். அப்புறம், "ஃபென்யா, உங்கிட்ட ஒரு விஷயம்..."

"தெரியும். நாளைக்குப் பத்து மணிக்கு அப்பா கார்ல வர்றார்," என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அம்மா வெளுத்துப்போனாள். ஆனால் முதலில் பேசியது ஹோல்கர். "ஆமா, தெரியாம என்ன? நீதானே கேப்டன் ஆசைப்பட்டே?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தோம்.

"ஆன்ட்யே," என்று அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்தார். "இவளே கேட்டான்னுதானே சொன்னே? அப்பாகிட்ட இருக்கணும்னு அழுதான்னு. அதைப் பத்தி எடுத்தா வெக்கப்படுவா, நீ வாயைத் திறக்காதேன்னு சொன்னே."

அம்மா மடியிலிருந்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரே ஒரு வருஷம்டி. கீல் நகரத்துல இவருக்குப் புது வேலை, அங்க கிடைச்ச வீடு ரெண்டே அறை. பெரிய வீடு கிடைக்கிற வரைக்கும்தான். இவர்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா இவர் வேலையையே விட்டிருப்பார். எனக்கும் ஒரு தடவையாவது..." முடிக்கவில்லை.

"அந்தக் கார்ல ஏத்தவே மாட்டேன்னியேம்மா," என்றேன். "நீதானே சொன்ன. வட்ட ஜன்னல்னியே. ஏன்மா வட்டம்?"

அழக் கூடாது என்று இருந்தேன். அழுதுவிட்டேன்.

ஹோல்கர் எழுந்து தண்ணீர் ஓரம் வரை போய் நின்றார். திரும்பி வந்து, "எந்தக் கார்?" என்று கேட்டார். சொன்னேன். மூச்சு படிந்த கண்ணாடி, இருட்டு, எல்லாம். அம்மா அவரிடம் அதைச் சொல்லவே இல்லை. கேட்டு முடித்தார். தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டார். குளிரவே இல்லை, ஆனால் நான் எடுக்கவில்லை.

இத்தனை நாளும் இந்த மனிதரைத்தான் வெறுத்தேன். முட்டை ஊதுவதைக்கூட விடவில்லை. வெறுப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? அம்மாமேல் வைக்க இடம் இருக்கிறதா?

இரவு சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை. ஹோல்கர் நடையில் நின்று அப்பாவுக்கு ஃபோன் செய்தார். கதவு வழியாகக் கேட்டது. "நாளைக்கு நீங்க வர வேண்டியதில்லை. இல்ல, அப்புறமும் வேண்டாம்." அந்தப் பக்கம் என்ன பதில் என்று பின்னால் கேட்டேன். ஹோல்கர் பொய் சொல்லத் தெரியாதவர், கொஞ்ச நேரம் திணறினார். "சரின்னார்," என்றார். "சரி மட்டும்தானா?" "சரி மட்டும்தான்."

அப்புறம் அம்மாவிடம், குரலை உயர்த்தாமல்: "நான் காலைல ஃபென்யாவோட லேயருக்கு ரயில் ஏறறேன். கீல் வேலையைப் பத்தி அங்க போய் யோசிக்கலாம். நீ கப்பலுக்குப் போறதுன்னா போ. எங்ககூட வர்றதுன்னா வா. அது உன் முடிவு."

எங்ககூட என்றார். அந்த "எங்க"வில் நான் இருந்தேன்.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கைப்பிடியில் கப்பல் அட்டை கட்டிய தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இங்கே வந்துவிட்டேன்.

அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? எனக்கு எது வேண்டும்? அவள் கப்பல் ஏறிவிட்டால் நான் செத்துவிடுவேன். வந்தாலும், இனி அவள் ஊற்றும் தேநீரை எப்படிக் குடிப்பது? நாளைக்கு வானம் நீலம் என்று அவள் சொன்னாலும் ஜன்னலைத் திறந்து பார்ப்பேன்.

யாரோ தட்டுகிறார்கள்.

ஹோல்கர் எப்போதும் இரண்டு தட்டு தட்டுவார். இது ஒன்று. அதுவும் கதவின் கீழ்ப்பக்கத்தில், தரையில் உட்கார்ந்து தட்டுவது மாதிரி. அம்மா இதுவரை ஒரு தடவைகூட என் கதவைத் தட்டியதில்லை, நேராகத் திறந்துகொண்டுதான் வருவாள்.

"ஃபென்யா," என்கிறாள். "கண்ணம்மா, நாம..."

எந்த நாம? மூணு பேரா, இல்ல