படகில் சொன்ன வார்த்தை

ஷாஃப்ஹவுசன்,
1544 மார்ச் 9

அன்புள்ள அப்பொலோனியாவுக்கு,

நான் நலம். நீயும் தோல் பட்டறையில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மருத்துவம் கற்றுக்கொண்டு ஒரு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பியவன், மூன்று வருஷமாக இங்கேயே இருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. இதை உட்கார்ந்து படி.

நம்மைப் போலவே மண்ணுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் காற்றிலும் நெருப்பிலும் வாழும் சனங்கள் உண்டு என்று எங்கள் ஆசான் கற்றுக்கொடுக்கிறார். அவர்களும் நம்மைப் போல உண்கிறார்கள், உடுக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். பேய்களும் இல்லை, தேவதூதர்களும் இல்லை. நமக்கும் அவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர்களுக்கு ஆத்மா கிடையாது. செத்தால் மாடு செத்த மாதிரி, அவ்வளவோடு முடிந்தது. ஆனால் தண்ணீர்ப் பெண் ஒருத்தியை மனிதன் மணந்தால் அவளுக்கு ஆத்மா கிடைக்கிறது.

அப்படி ஒருத்தியை நான் ரைன் கரையில் சந்தித்தேன். ரேகுலா என்று பெயர் வைத்திருக்கிறேன். தண்ணீரைச் சாட்சியாக வைத்து அவளை மணந்து கை கொடுத்துவிட்டேன். இது ஆசையால் செய்தது அல்ல, அப்பொலோனியா. ஒரு உயிரைக் கரையேற்றுவது. ஆனால் எனக்கு ஏற்கெனவே மனைவி இருக்கும்வரை அந்த மணம் முழுதாகப் பலிக்காது. நான் உன்னைக் கைவிட்டுவிட்டேன் என்று மணவழக்கு மன்றத்தில் சொல். விடுவிப்பார்கள். உன்மேல் பழி வராது, பழி எனக்குத்தான்.

இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தண்ணீரின் மேல் இருக்கும்போது புருஷன் அவளைத் திட்டக்கூடாது. திட்டினால் அவள் தண்ணீருக்கே திரும்பிவிட வேண்டும். அதனால் நான் அவளைப் படகில் ஏற்றுவதே இல்லை.

நீ நல்லவள். நகர்ந்து வழி விடுவாய் என்று தெரியும்.

உன்
மாட்டெர்ன்


ஸ்ட்ராஸ்பூர்க்,
1544 ஏப்ரல் 2

என் அன்புக் கணவருக்கு,

உட்கார்ந்து படிக்கச் சொன்னீர்கள். தோல் அலசும் படிக்கட்டில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் தானாக உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துப் பட்டறை பிரிகிட்டா ஓடிவந்தாள்.

"என்னடி, யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல. கல்யாணம்."

"யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு."

அவள் கையிலிருந்த ஆட்டுத்தோல் ஆற்றோடு போய்விட்டது. அதற்கு நான்தான் வேறு தோல் கொடுக்க வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "ஊர்ல இருக்குற ஆம்பளைங்க வேலைக்காரியோட ஓடுவாங்க. உன் ஆளு ஆத்தோடயே ஓடிட்டாரா? கொஞ்சம் படிச்சா இப்படித்தான் ஆகும்" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு சாயங்காலம்வரை அழுதேன். இரண்டையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

முதலில் முடியாது என்றுதான் எழுத நினைத்தேன். மூன்று வருஷம் ஒருத்தி உங்களுக்காகக் காலுறை பின்னிக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கும் ஆத்மா இருக்கிறது என்று நினைவூட்ட நினைத்தேன். ஆனால் நம் மகள் மூச்சு விடாமலே பிறந்து போனாளே, ஞானஸ்நானத்துக்குக்கூட நேரமில்லாமல். அவளுக்கு ஆத்மா இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நான் உங்களைக் கேட்டபோது நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அப்படியிருக்க, ஆத்மா இல்லாமல் ஒருத்தி கரையில் நிற்கிறாள், நீ நகர்ந்தால் அவளுக்குக் கிடைக்கும் என்று எழுதினால் நான் எப்படி நகராமல் இருப்பேன்? என் மனம் எங்கே இளகும் என்று தெரிந்துதான் எழுதினீர்களோ என்று ஒரு கணம் தோன்றியது. சீ, என்ன எண்ணம் என்று தள்ளிவிட்டேன்.

மன்றத்துக்குப் போனேன். பெரியவர் ஒருவர், "அந்த ஆளு திரும்பி வந்தா ஏத்துக்குவியாம்மா?" என்று கேட்டார். மாட்டேன் என்று பொய் சொன்னேன். விடுவித்துவிட்டார்கள்.

அவளை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். புது இடம் அவளுக்கு. உங்களுக்குச் சட்டென்று கோபம் வரும், நானே பட்டிருக்கிறேன். அவளிடம் காட்ட வேண்டாம்.

கடைசியாக ஒரு முறை,
உங்கள் மனைவி
அப்பொலோனியா


ஷாஃப்ஹவுசன்,
1544 நவம்பர் 20

அப்பொலோனியாவுக்கு,

உன் பெருந்தன்மைக்கு நன்றி சொல்ல இவ்வளவு தாமதமாகிவிட்டது. வேலை அப்படி. உன் கடிதத்தை ரேகுலாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முதன்முதலாக அழுதது அன்றுதான். கண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். ஆசானுக்கு மிகுந்த சந்தோஷம். ஆத்மா இறங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளமாம். உன் பெயரையும் ஊரையும் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், புத்தகத்தில் படிப்பது வேறு, வீட்டில் வைத்துக்கொள்வது வேறு. பாவாடை ஓரம் எப்போதும் ஈரம். நடந்த இடமெல்லாம் தரை வழுக்குகிறது. கோடையில்கூடக் கை சில்லென்று இருக்கும். நகரசபைக்காரர்கள் விருந்துக்கு அழைத்தால் உப்புக் கண்டத்தைத் தொடாமல், கிண்ணத்துத் தண்ணீரில் விரலை வைத்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேலி செய்கிறார்கள். கொன்ஸ்டான்ஸில் நகர மருத்துவர் வேலை காலியாகப்போகிறது. அங்கே உப்பு வியாபாரியின் விதவை வெரேனா அம்மாளுக்கு நான் வைத்தியம் பார்த்துக் குணமாக்கினேன். அவருடைய அண்ணன் சபையில் இருக்கிறார். அந்த வீட்டுக்கெல்லாம் ரேகுலாவை எப்படி அழைத்துப் போவது, நீயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாட்டெர்ன்


ஸ்ட்ராஸ்பூர்க்,
1545 பிப்ரவரி 11

மாட்டெர்ன் அவர்களுக்கு,

ரேகுலா இங்கே வந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை தோல் அலசிக்கொண்டிருந்தேன். ஆற்றோரம் இன்னும் பனிக்கட்டி இருக்கிறது. கீழ்ப்படியை ஒரு கை பிடித்தது. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து இழுத்தேன். மேலே வந்தவள் நடுங்கவில்லை, இருமவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பொலோனியா அக்காவா?"

"ஆமா. நீ யாரு?"

"நீங்க வழி விட்டீங்களே, அவ."

நான் உங்களைக் கனவில் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறேன். அவளையும்தான். ஆனால் எதிரே நின்றபோது முதலில் கம்பளியைத் தேடித்தான் ஓடினேன். "வேணாங்க்கா, காஞ்சா நான் இருக்க மாட்டேன்" என்றாள். அது உண்மை. அடுப்பருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்ததற்கே அவள் விரல் நுனி கண்ணாடி போல வெளிறிச் சொட்டத் தொடங்கிவிட்டது. இப்போது தோல் ஊறவைக்கும் தொட்டி ஒன்றைக் கழுவி, ஆற்று நீர் நிரப்பி, அதில் வைத்திருக்கிறேன்.

நடந்ததைக் கேட்டேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நீங்களும் ஒரு தடவை கேளுங்கள்.

"அவரே படகுல போலாம்னு கூப்புட்டாருக்கா. நான் மாட்டேன்னேன். 'உன்னப் போயி நான் திட்டுவேனா'ன்னு சிரிச்சாரு. நம்பி ஏறுனேன். நடு ஆத்துக்குப் போனதும் துடுப்ப உள்ள வெச்சாரு. என் மொகத்த நேராப் பாத்தாரு. 'ஈரப் பிசாசே, உன்னத் தொட்ட கைய நானே வெட்டிப் போடணும், வந்த எடத்துக்கே போ'ன்னாரு."

"கோவத்துல சொல்லியிருப்பாருடி."

"கோவமே இல்லக்கா. மனப்பாடம் பண்ணி வெச்சுச் சொன்ன மாதிரி சொன்னாரு. நான் எறங்குறவரைக்கும் காத்திருந்தாரு. அப்புறம் துடுப்ப எடுத்துட்டுத் திரும்பிட்டாரு."

நான் அதற்கு மேல் உங்களுக்காகப் பரிந்து பேசவில்லை.

அவளுடைய சனமும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "உனக்குள்ள என்னமோ வெச்சு அனுப்பியிருக்காங்க, கனமா இருக்க" என்று ஒதுங்கிப் போகிறார்களாம். ஆற்றுக்கும் ஆகாமல் கரைக்கும் ஆகாமல் நிற்கிறாள். ஆனால் உங்கள் பந்தம் அறுந்துவிடவில்லை என்கிறாள். நீங்கள் ஏதாவது தண்ணீர்க்கரையில் நின்றோ, அவள் முகத்துக்கு நேராகவோ வாய்விட்டு "இவள் என் மனைவி" என்று சொன்னால் போதுமாம். ஏரியில் சொன்னாலும் அவளுக்குக் கேட்குமாம். அதன் பிறகு மற்றப் பெண்களைப் போல உலர்ந்த துணி உடுத்தி நடமாடலாம். சாட்சிகள் முன்னால் நீங்கள் மறுத்துவிட்டால் ஆத்மா போய்விடும், வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.

அவளோடு நீங்கள் வாழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தைதான் கேட்கிறேன். நான் உங்களை விட்டுக்கொடுத்தது அவளுக்கு ஆத்மா வரட்டும் என்பதற்காக. வந்ததும் நடு ஆற்றில் இறக்கிவிடுவதற்காக அல்ல.

சீக்கிரம் செய்யுங்கள்.

அப்பொலோனியா


கொன்ஸ்டான்ஸ்,
1545 மார்ச் 16

ஸ்ட்ராஸ்பூர்க் தோல் பட்டறை அப்பொலோனியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்குப் புரியாத பல விஷயங்களை எழுதியிருக்கிறாய்.

ரேகுலா என்று என் வீட்டில் ஒரு வேலைக்காரி இருந்தாள். படகிலிருந்து தவறி விழுந்து இறந்துவிட்டாள். ஷாஃப்ஹவுசனில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் நான் எழுதியதெல்லாம் படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உருவகம். நீ அதை நேரடியாக எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல. உன்னிடம் நேரே விடுதலை கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாய். ஆத்மா என்று சொன்னால் இளகுவாய் என்று எனக்குத் தெரியும். குழந்தை போனதிலிருந்து நீ அப்படித்தான். அதனால் இருவருக்கும் நன்மைதானே விளைந்தது? நீயும் சுதந்திரமாக இருக்கிறாய்.

ஏப்ரல் 19 ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள பெரிய தேவாலயத்தில் வெரேனாவுக்கும் எனக்கும் திருமணம். அதற்கு முன் என் பெயரோடு இப்படிப்பட்ட பேச்சு எழக்கூடாது. தொட்டிக்குள் ஈரப் பெண்ணை வைத்திருக்கிறேன் என்று உன் கைப்படவே எழுதியிருக்கிறாய். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் இந்தக் காலத்தில் பெண்களை எரிக்கிறார்கள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அதை ஆற்றிலேயே விட்டுவிட்டு உன் வேலையைப் பார்.

டாக்டர் மாட்டெர்ன்


ஸ்ட்ராஸ்பூர்க்,
1545 ஏப்ரல் 4

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ரேகுலாவுக்குப் படித்துக் காட்டினேன். வேலைக்காரி என்ற இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவளுக்கும் எனக்கும் இதுவரை நீங்கள் சொல்லாமல் விட்டதெல்லாம் போதும் என்று தோன்றியதால் முழுதாகவே படித்தேன்.

அவள் தண்ணீருக்குள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "அக்கா, ஆத்மான்னா இதுதானா? முன்னாடி எனக்கு எதுவுமே வலிச்சதில்ல. கல்லு பட்டா வலிக்கும், அவ்வளவுதான். இத நான் கேக்கவே இல்லியே. அவருதான் கைய நீட்டுனாரு" என்றாள். நான் தொட்டிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான்தானே நகர்ந்து வழி விட்டேன் என்ற நினைப்பு எனக்கு இருக்காதா? அதையும் சொன்னேன். "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்கும் அதே படகுதான்" என்றாள்.

என் மகளைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை உள்ளே மடித்து வைத்துவிட்டேன். அதை இன்னொரு முறை படிக்க முடியவில்லை.

இங்கேயே இருந்துவிடு, நான் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "பாதியா இருக்கறது பெரிய பாடுக்கா. ஆமான்னோ இல்லன்னோ அவரு என் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்" என்றாள். இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை.

ஆகவே நாங்கள் வருகிறோம். ஷாஃப்ஹவுசன் பக்கம் உள்ள ரைன் அருவியைத் தாண்டி அவளால் ஆற்றில் ஏற முடியாது என்பதால் சாலை வழியாக. வண்டிக்காரர் யோர்க் தொட்டியை ஏற்ற ஒப்புக்கொண்டுவிட்டார். உள்ளே என்ன என்று கேட்டார். "கல்யாணப் பொண்ணு" என்று பிரிகிட்டா சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை இறுக்கினார். பட்டறையை அவள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறாள். "திரும்பி வராட்டி உன் தொட்டியெல்லாம் எனக்குத்தான்டி" என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டாமல் நின்று அழுதாள். உங்கள் மிரட்டல் என்னவென்று அவளுக்கும் தெரியும். எனக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் வண்டியில் ஏறுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர், இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார். அப்போது ரேகுலா எழுந்து நிற்பாள். அவள் உங்களிடம், "நான் யாரு?" என்று மட்டும்தான் கேட்பாள். நான் பக்கத்தில் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருப்பேன், பதில் வரும்வரை அவள் காய்ந்துவிடாமல் இருக்க.

மனைவி என்று சொன்னீர்களானால் உங்கள் கல்யாணமும் பதவியும் போகும். நகர மருத்துவருக்குத் தண்ணீர்ப் பெண் மனைவியா என்று ஊர் சிரிக்கும். ஆனால் அவள் பிழைப்பாள். உங்களோடு வாழ வரமாட்டாள், என்னோடு பட்டறைக்கு வந்துவிடுவாள். யாரென்று தெரியாது என்று சொன்னால், அந்த இடத்திலேயே, வெரேனா அம்மாளின் காலடியில், எல்லோரும் பார்க்க, தரை நனையும். உருவகம் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல முடியாது.

வெரேனா அம்மாளுக்கும் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அவரும் ஒரு பெண், தன் காதாலேயே கேட்கட்டும்.

இந்தக் கடிதத்தைக் குதிரையில் போகும் ஒரு துணி வியாபாரியிடம் கொடுக்கிறேன். எங்களுக்கு நாலைந்து நாள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடும். யோசிப்பதற்கு அவ்வளவு நேரமாவது உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ரேகுலாதான் சொன்னாள். எனக்கு அந்த எண்ணம் இல்லை.

பதில் எழுத வேண்டாம், இங்கே அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. வழியெல்லாம் பனி உருகிச் சேறாகக் கிடக்கிறதாம். இருந்தாலும் கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொன்ஸ்டான்ஸ் வாசலில் இருப்போம் என்கிறார் யோர்க்.

அப்பொலோனியா