நாலு கோலும் நாற்பத்தொரு கார்னரும்

அஸ்தினாபுரம்
4.3.2025

அன்புத் தம்பி முகிலனுக்கு,

அண்ணன் ஃபிரெடி எழுதுவது. நானும் உன் தபீதா அக்காவும் சௌக்கியம். நீயும் சுஜியும் வயிற்றிலிருக்கிற குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? ஹாக்கி சீசன் முடிந்ததும் மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுக் குன்றத்தூரிலேயே செட்டிலாகிவிட்டாய். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டைப் பூட்டினவன் பூட்டினவன்தான் என்று அக்கா குறைப்படுகிறாள்.

உன் டீம் மேனேஜரான நானே கடுதாசி எழுதுகிற அளவுக்கு என்ன ஆச்சு என்று சிரிப்பாய். போனில் நீ என்னைப் பேசவே விடுவதில்லை, அதனால்தான்.

விஷயம் இது. இந்த மாதம் 31-ஆம் தேதியோடு கம்பெனியில் உன் கான்ட்ராக்ட் முடிகிறது. இந்த முறை நீட்டித்தால்தான் வேலை நிரந்தரமாகும். உனக்கும் இருபத்தொன்பது ஆகிவிட்டது, வேறு கம்பெனி டீமில் புதிதாக எடுக்கிற வயசில்லை. ஸ்போர்ட்ஸ் ஆபீசர் பட்டாபிராமன் சார் எல்லா ஆட்டக்காரர்களின் மதிப்பீட்டுத் தாளையும் வாங்கி வைத்திருக்கிறார். போன வருஷம் நீ பதினேழு கோல். இந்த வருஷம் இருபத்திரண்டு மேட்சில் நாலு. அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார். சென்டர் ஃபார்வர்டு என்றால் கோலைத்தானே கேட்பார்கள்? அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எதற்கும் மனசைத் தயாராக வைத்துக்கொள். தெரிந்த இடங்களில் உனக்கு வேறு வேலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சுஜியிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன் ஃபிரெடி


குன்றத்தூர்
9.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் ரகசியம் காற்றில் போச்சு. கடிதத்தைப் பார்த்ததுமே சுஜி, "யாரு, பழைய லவ்வரா?" என்று பிடுங்கி எனக்கு முன்னால் படித்துவிட்டாள். இப்போது அவள் அம்மா என் கான்ட்ராக்டுக்காக வெறும் வயிற்றோடு மலைப்படி ஏறிக்கொண்டிருக்கிறார். முருகன் ஸ்போர்ட்ஸ் ஆபீசரா என்று கேட்டேன், திட்டு விழுந்தது.

அண்ணா, இதற்குப் போய் இவ்வளவு பயமா? கோல் ஏன் குறைந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? ஜூலையில் தாம்பரம் கிரவுண்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நீங்கள்தானே சொன்னீர்கள்: "நீ அடிக்காதடா. கோல்கிட்ட சர்க்கிள் உள்ள போய் எதிராளி கால் மேல பந்தைத் தட்டு. அம்பயர் பெனால்டி கார்னர் குடுப்பான். விக்கி பாத்துக்குவான்." எட்டாம் வகுப்பிலிருந்து கோல் அடித்தே பழகியவனிடம் அடிக்காதே என்றால் எப்படி இருக்கும்? அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வருஷம் முழுக்க அதைத்தான் செய்தேன். நான் கார்னர் வாங்கினேன், விக்கி அதைக் கோலாக்கினான், பேப்பரில் அவன் போட்டோ வந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

செமி ஃபைனலிலும் அதேதான். கீப்பர் விழுந்து கிடந்தான், கோல் திறந்து கிடந்தது. பெஞ்சிலிருந்து "காலு! காலு!" என்று உங்கள் குரல். எதிராளி காலைத் தேடினேன், அதற்குள் பந்து போய்விட்டது, தோற்றோம். வெளியே வரும்போது யார் யாரோ கோழை என்றார்கள், ஒருத்தன், "இன்னாடா, ஸ்டிக்க வூட்லயே வச்சிட்டு வந்துகினியா?" என்று கத்தினான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உண்மை அண்ணாவுக்குத் தெரியும் என்று சிரித்துக்கொண்டே நடந்தேன்.

பட்டாபிராமன் சாரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாலு கோல் என்பது ஊருக்கே தெரியும். கார்னர் கதை நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இருக்கும்போது எனக்கென்ன?

பங்குனியில் சுஜிக்கு வளைகாப்பு. அவள் அம்மாவுக்கு அடுத்து தபீதா அக்காதான் வளையல் போட வேண்டுமாம், கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள். தேதி குறித்ததும் நானே வீட்டுக்கு வந்து தாம்பூலம் வைத்து அழைப்பேன். அன்றைக்கு அக்கா கையால் மீன் குழம்பு.

என்றும் உங்கள் கூடப் பிறக்காத தம்பி
முகிலன்


அஸ்தினாபுரம்
15.3.2025

முகிலா,

உன் கடிதத்தை அக்கா சத்தமாகப் படித்தாள். "நீங்கள் இருக்கும்போது எனக்கென்ன" என்ற இடம் வந்ததும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

போன கடிதத்தில் எல்லாம் சார் பார்த்து முடிவெடுப்பதுபோல எழுதினேன். உன் மதிப்பீட்டுத் தாளை எழுதியதே நான்தான். அதில் மேட்ச், கோல், வயசு என்று கட்டங்கள் இருக்கின்றன. கார்னர் வாங்கிக் கொடுத்ததற்குக் கட்டம் கிடையாது. ஆனால் மேனேஜர் கருத்து என்று நாலு வரி இடம் இருக்கிறது. அதில் நான் உண்மையை எழுதியிருக்கலாம். "கோல் அடிக்கும் திறன் குறைந்துவிட்டது. நீட்டிக்கப் பரிந்துரைக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிப்ரவரி 28-ஆம் தேதியே கொடுத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். செமி ஃபைனல் அன்று சார் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பந்து உன்னை விட்டுப் போனதும் என்னைப் பார்த்து, "ஏன் அடிக்கல இவன்?" என்றார். ஒரு நொடிதான். "பயந்துட்டான் சார்" என்று சொல்லிவிட்டேன். என் நாக்கு அழுகிப்போகட்டும். என் திட்டத்தால் தோற்றோம் என்று தெரிந்தால் என் மேனேஜர் பதவி போய்விடும் என்று பயந்தேன். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் தாளிலும் அப்படி எழுதினேன். உன்னோடு போனில் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் கடிதம் எழுதினேன்.

லெந்து கால உபவாச நாட்கள் இவை. கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது என் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. அக்காவிடமும் இதைச் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீயாவது வந்து நாலு திட்டு திட்டிவிட்டுப் போ.

ஃபிரெடி


அஸ்தினாபுரம்
26.3.2025

அன்பு முகிலா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனாலும் இதை மட்டும் படித்துவிடு.

இந்த சீசன் வீடியோ எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நாலு நாள் உட்கார்ந்து இருபத்திரண்டு மேட்சையும் பார்த்தேன். நீ வாங்கிய கார்னர் நாற்பத்தொன்று. அதில் விக்கி கோலாக்கியது பதினைந்து. உன் நாலையும் சேர்த்தால் பத்தொன்பது. போன வருஷம் நீ அடித்ததைவிட இரண்டு அதிகம்டா! இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்துகொண்டு நான் இதை எண்ணக்கூட இல்லை.

எல்லாவற்றையும் தேதி, நிமிஷத்தோடு கையால் எழுதிப் பட்டாபிராமன் சார் முன்னால் வைத்தேன். அடிக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்றும் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "அன்னிக்குப் பயந்துட்டான்னு சொன்னீங்களே, ஃபிரெடி?"

"பயந்தது நான்தான் சார்" என்றேன்.

ஏப்ரல் முதல் என்னை ஸ்டோர்ஸ் செக்‌ஷனுக்குப் போகச் சொல்லிவிட்டார். சரிதான் என்று வந்துவிட்டேன். உன்னைப் பற்றி அவர் எந்த முடிவும் சொல்லவில்லை.

அக்கா குரோம்பேட்டைக்குப் போய் சுஜிக்குப் பச்சை வளையல் இரண்டு டஜன் வாங்கி வந்திருக்கிறாள். சைஸ் சரியாக இருக்குமா என்று கவலைப்படுகிறாள். வளைகாப்புத் தேதியை மட்டும் சொல். நான் வரக்கூடாது என்றால் அக்காவை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

உன் அண்ணன்
ஃபிரெடி


குன்றத்தூர்
9.4.2025

மதிப்பிற்குரிய ஃபிரெடி சாருக்கு,

வணக்கம். தாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. கான்ட்ராக்ட் நீட்டிக்கப்பட்டுவிட்டது. ஒரு வருஷத்துக்கு மட்டும். நிரந்தரம் செய்வதை அடுத்த மார்ச்சில் பார்க்கலாம் என்று பட்டாபிராமன் சார் சொன்னார். தாங்கள் எழுதிய தாளையும் காட்டினார். நாற்பத்தொன்று என்று எனக்கே தெரியாது. அதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. யார் யாரோ என்னைக் கோழை என்று கத்தியபோது எனக்கு வலிக்கவில்லை. அதை முதலில் சொன்னது நீங்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எவ்வளவோ முயற்சி செய்துவிட்டேன்.

புது மேனேஜர் எப்படி ஆடப்போகிறாய் என்று கேட்டார். சர்க்கிளுக்குள் போனால் அடிப்பேன் என்று சொன்னேன்.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. தபீதா அக்கா ஏன் வரவில்லை என்று சுஜி இரண்டு முறை கேட்டாள். தேதி சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. வந்தவர்களுக்குக் கொடுத்ததுபோல அக்காவுக்கும் ஒரு டஜன் வளையல் விக்கியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அக்கா மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
து. முகிலன்