அந்தக் கிரகத்தில் வெங்காயம் வராது

என்ரை அன்பான ஏச்சுக்கார அண்ணைக்கு,

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்து மூன்று கிழமை. உங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடி மோட்டரைத் திருத்தியாச்சு. கோப்பாயில் இந்த முறை எல்லோருக்கும் வெங்காயம் பரவாயில்லை. வேலையிலிருந்து ஓய்வெடுத்த எனக்குத்தான் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. இருக்கிறேன், எழும்புகிறேன், கைபேசியை நோண்டுகிறேன், திரும்ப எழும்புகிறேன்.

கடைசியில் புத்தகம் வாசிக்கத் தொடங்கினேன். ஏசாதீர்கள். நாற்பது வருடம் கழித்து! குடும்பக் கதை இரண்டு எடுத்துப் பார்த்தேன், பத்துப் பக்கம் தாண்டவில்லை. எனக்குப் பிடித்தது விஞ்ஞானக் கதைதானே. வேற்றுக் கிரகம், காலப் பயணம். உங்களுக்குத் தெரியாததா? உயர்தரச் சோதனைக்கு முதல் மாதம் என் புத்தகங்கள் முழுவதையும் கட்டிக்கொண்டுபோய், சந்தியில் கடலை விற்கிற மனிசிக்குக் கிழித்துக் கடலைச் சரை சுற்றக் கொடுத்தது நீங்கள்தானே?

"உந்தப் பொய்யளைப் படிச்சுச் சோதினையைக் கோட்டை விடப்போறாய்" என்றீர்கள். சோதனை சரிவந்தது. வாசிப்பு விட்டுப்போச்சு. அந்தக் கோபம் உங்கள் செத்தவீட்டிலும் எனக்குள் இருந்தது, அண்ணை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

வாசிகசாலைப் பிள்ளையிடம் கேட்டேன். சிரித்தாள். "ராக்கெட் கதையோ அன்ரி? சின்னப்பிள்ளையளின்ரை தட்டிலை பாருங்கோ."

அங்கே கிடைத்த இரண்டையும் இரண்டு நாளில் முடித்துவிட்டேன். பிறகு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். கடையில் விஞ்ஞானம் என்று வாய் திறந்தால் பாடப்புத்தகத்தை நீட்டுகிறார்கள். "போனிலை இறக்கி வாசியுங்கோவன் அம்மா" என்கிறாள் மகள். அதில் வாசித்தால் எனக்குக் கண்ணால் தண்ணீர் வடிகிறது. திரும்பவும் வாசிகசாலைக்கே வந்து தட்டுத் தட்டாகக் கிளறினேன்.

விவசாயத் தட்டில், உரம் பற்றிய நூலுக்குப் பக்கத்தில், ஒன்று இருந்தது. தலைப்பில் 'பயிர்' என்ற சொல்லைக் கண்டு அங்கே வைத்துவிட்டார்கள். வேறொரு கிரகத்தில் குடியேறியவர்கள் தோட்டம் செய்கிற கதை. அவர்கள் வெங்காயம் நடுகிற நாற்பதாம் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இந்த மண்ணிலை வெங்காயம் வராது. ஆரடா உனக்குச் சொன்னது?"

இடப்பக்கம் சரிந்த அந்த எழுத்து உங்களுடையது. கொண்டுபோய் வாசிகசாலைப் பிள்ளையிடம் காட்டினேன்.

"ஓம் அன்ரி, உங்கடை அண்ணைதான். விவசாயப் புத்தகம் எண்டு கொண்டுபோனவர். அடுத்த கிழமை வந்து, 'உது முழுப் பொய் பிள்ளை' எண்டு எங்களை ஏசினவர்." பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏசிப்போட்டு, உப்பிடிப் பொய் வேறை கிடக்கோ எண்டு கேட்டவர்."

எவ்வளவு நெஞ்சழுத்தம் உங்களுக்கு! ஒரு வேலி தள்ளித்தானே இருந்தேன், ஒரு சொல் சொன்னீர்களா? வெங்காயத்துக்காகத்தான் வாசித்தீர்களா? அந்தச் சரைகள் ஒரு நாளாவது நினைவுக்கு வந்தனவா? நான் இனி யாரைப் பிடித்துக் கேட்பேன்?

இப்போது எனக்குப் புத்தகம் தேடுவது சுகம். பென்சில் அடையாளம் இருந்தால் எடுக்கிறேன். இதுவரை ஐந்து கிடைத்தன. காலப் பயணக் கதை ஒன்றில், "பின்னாலை போக ஏலுமெண்டால் நல்லதுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே போக, எதற்குப் போக என்று எழுதவில்லை. அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஐந்தாவது புத்தகத்தில் ஒரு ஊரையே ஏற்றிக்கொண்டு விண்கப்பல் போகிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், "இவ்வளவு சனத்துக்கும் தண்ணி எங்காலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு கீறுகூட இல்லை. திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதியைப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடிய கிழமை.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தைப் புரட்டப் பயந்துகொண்டு திரிந்தேன். இன்று காலை புரட்டினேன். கதை எழுதியவர் தண்ணீரைப் பற்றி இன்னும் மூச்சு விடவில்லை.

நான் விடமாட்டேன், அண்ணை. தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து, உங்கள் கேள்விக்குக் கீழே பென்சிலால் எழுதிவைப்பேன். வாசிகசாலைப் பிள்ளை ஏசினால் ஏசட்டும்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் நிற்கும்
உங்கள் தங்கச்சி