வெள்ளைத் துப்பட்டியில் பூட் பாலிஷ்

மச்சான்,

சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி கீது. சுட வெச்சுத் துன்னுங்க. நான் திருக்கழுக்குன்றத்துக்கு, அம்மா வூட்டுக்கு, பஸ்ஸுலயே போறேன்.

உப்புக்காத்துல வெளுத்துப்போன டாக்சிக் கதவு பிளாஸ்டிக்குக்கு பூட் பாலிஷ் போடாதீங்க, துணியில ஒட்டும்னு எத்தினி தபா சொன்னேன்? நேத்து எங்க அத்தா எறந்த நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போய் டாக்சிய வுட்டு எறங்கசொல்ல, நான் போத்தியிருந்த வெள்ளைத் துப்பட்டி பூரா கறுப்பு. சொந்தக்காரங்க எல்லாம் என்னைப் பாத்தாங்க. நீங்க கதவைப் பாத்தீங்க. "அய்யோ, பளபளப்பு பூடுச்சே"ன்னு கர்ச்சீப்பை எடுத்து அதைத் தொடச்சீங்க.

இனிமே தேங்கா எண்ணெ ரெண்டு சொட்டு தேச்சு, காஞ்ச துணியால அழுத்தித் தொடைங்க. ஒட்டாது.

ஷஹர்பானு

சொல்ல மறந்துட்டேன். தொடைக்கத் துணி தேடாதீங்க. அந்தத் துப்பட்டியை நாலாக் கிழிச்சு டிக்கியில வெச்சுட்டேன்.