நீக்கியதற்கான காரணம்

யூன் 9, செவ்வாய்
கச்சான் காற்று. கொடியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் தூசி, திரும்பவும் தோய்க்க வேண்டும். பின்னேரம் றெஜினா அக்கா வந்தா. ஒரு காலத்தில் நாட்டுக்காக ஓடியவ, இப்ப பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். மாகாண அணிப் பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறா. திங்கள் நேர்முகம். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவவைப் பற்றிய பக்கத்தில், ஊக்கமருந்து பாவித்தவர் என்று யாரோ ஒரு வரி செருகியிருக்கிறார்கள். ஆதாரம், பெயரில்லாத வலைப்பூ ஒன்று.

"நீர் உதில எழுதுறனீர்தானே. சத்தமில்லாமல் எடுத்துவிடும் பிள்ளை."

"அது ஒரு வேலையே அக்கா?" என்றேன். பெரிய ஆள் மாதிரி.

யூன் 10, புதன்
கப்பல் பிந்துகிறது. துறைமுகக் கந்தோரில் வேலை இல்லை. வரியைத் தூக்கியாச்சு. நீக்கியதற்குக் காரணம் கேட்டு ஒரு பெட்டி வரும். 'ஆதாரமில்லை' என்று எழுதினால் போதும். எனக்குக் காணாது. "ஊக்கமருந்து உட்கொண்டு பதக்கம் வென்றார் என்பது அப்பட்டமான அவதூறு. ஒரு வீராங்கனையின் மானத்தோடு விளையாடாதீர்கள்!" நல்லாய் வந்திருக்கு என்று இரண்டு தரம் வாசித்தேன் வேற.

வாங்க: பாண், சீனி, நுளம்புத்திரி.

யூன் 12, வெள்ளி
பஸ்ஸில் முன் சீற்றில் இரண்டு தாய்மார்.

"றெஜினா ரீச்சர் மருந்தடிச்சுத்தான் ஓடினவவாம்."

"அவதூறு எண்டுதானே போட்டிருக்கு?"

"ஒண்டும் இல்லாட்டி ஏன் மறுக்கினம்?"

ஒருத்தியின் போனை எட்டிப் பார்த்தேன். பெற்றோர் வாட்ஸ்அப் குறூப். நான் எழுதிய காரணத்தை யாரோ படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நான் கலைக்களஞ்சியத்தில் வைத்திருக்கும் புனைபெயர், நெய்தல். வரி போனாலும், அதை நீக்கிய காரணம் மாற்றங்களின் பட்டியலில் நிற்கும். தெரியாதா எனக்கு? நல்லாய்த் தெரியும். அந்தப் பழைய வரியை இவ்வளவு நாளும் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் மேளம் அடித்து ஊரைக் கூப்பிட்டது. வெட்கம். இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

இரவு கலைக்களஞ்சிய நிர்வாகிக்கு எழுதினேன், அந்தக் காரணத்தை மறைத்துவிடச் சொல்லி.

யூன் 13, சனி
மறைத்துவிட்டார். "சுருக்கமாக எழுதப் பழகுங்கள்" என்று ஒரு வரி. வாட்ஸ்அப்பில் ஓடுகிறதை யார் மறைக்கிறது?

மீன் வாங்கவில்லை. முட்டை பொரித்துச் சாப்பாடு. அக்காவின் ஒழுங்கையைத் தவிர்த்து, சுற்றிப் போனேன். தூ.

யூன் 14, ஞாயிறு
பூசை முடிய அக்கா நேரே இங்கே வந்தா. கண் வீங்கியிருந்தது. நாளைக்கு நேர்முகத்துக்குப் போக மாட்டாவாம்.

"எந்த முகத்தோட போறது பிள்ளை? அவையள் கேட்டால் நான் அழுதிடுவன்."

சொல்லத்தான் வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவ முந்திவிட்டா. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு,

"நீர் ஒராள்தான் எனக்காக மினக்கெட்டது. இதைக் கிளறிவிட்ட உந்த நெய்தல் ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலாதோ?"

"ஏலாது அக்கா" என்றேன்.